சர்க்கார் மருந்தும் சஞ்சீவி மலையும்

நமது நங்கநல்லூரில் ஒரே கல்லில் செய்த 32 அடி உயர ஆஞ்சநேயர் ஒருவர் கைகூப்பி நின்றுகொண்டிருக்கின்றார். 1995ஆம் வருஷத்தில் அவருக்குக் கும்பாபிஷேகம் செய்து வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பழவந்தாங்கல் ரயிலடியில் இறங்கும் ஜனங்களில் பலர் அவரைத் தேடிக்கொண்டுதான் வருகின்றார்கள். வருகிறவர்களில் வியாதியஸ்தர்களும் உண்டு. யுத்தகளத்தில் மூர்ச்சையாகிக் கிடந்த லட்சுமணனுக்கு மருந்து கொண்டுவந்தவர் இவர்தானாம். எப்படிக் கொண்டுவந்தார்? சஞ்சீவி மூலிகையைப் பறித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். போனவருக்கு எது மூலிகை, எது வெறும் புல் என்று தெரியவில்லை. ஆகவே மலையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பக்தர்கள் இதைக் கேட்டு அவருடைய பலத்தை மெச்சிக் கன்னத்தில் போட்டுக்கொள்கின்றார்கள். நாம் கேட்பது வேறு. மருந்து இன்னதென்று தெரியாமல் மலையைக் கொண்டுவந்து இறக்குகிறவனை எந்த ஆஸ்பத்திரியிலாவது மருந்து கட்டும் வேலைக்காவது வைத்துக்கொள்வார்களா?

இது பழங்கதை, இதற்கென்ன இப்பொழுது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016ஆம் வருஷத்தில் உத்தரகண்ட் சர்க்கார் இந்தச் சஞ்சீவியை இமயமலையில் தேடிக் கண்டுபிடிப்பதற்காக 25 கோடி ரூபாய் செலவிடப் போவதாக அறிவித்தது. ராமாயணத்தில் எழுதியிருக்கிறது என்பதைத் தவிர அந்த 25 கோடிக்கு வேறு ஆதாரம் ஒன்றும் இல்லை. வடநாட்டாரின் ராமாயணப் பித்து நமக்குத் தெரிந்ததுதான் என்று நம்மவர்கள் சிரித்தோம். சிரித்தது நியாயமே. ஆனால், அதே கேள்வியை நமது வீட்டு வாசலில் வைத்துக் கேட்டுக்கொண்டோமா என்பதைப் பற்றியே இந்த வியாசத்தில் எழுத விரும்புகின்றோம்.

தமிழ்நாட்டிலும் சர்க்காருக்குச் சொந்தமான மூலிகை மருந்துக் கம்பெனி ஒன்று உண்டு. தமிழ்நாடு மருத்துவத் தாவரப் பண்ணைகள் மற்றும் மூலிகை மருந்துக் கழகம் என்பது அதன் முழுப் பெயர். ‘டாம்ப்கால்’ என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். 1983இல் ஆரம்பிக்கப்பட்டது. மருந்து செய்யும் தொழிற்சாலை திருப்போரூர் பக்கம் ஆலத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கின்றது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளைச் செய்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலுள்ள அந்தந்த வைத்தியப் பிரிவுகளுக்கு அனுப்புவது அதன் முக்கிய வேலை. சூரணம், லேகியம், தைலம், குடிநீர்ப் பொடி என்று பல தினுசு. கேரளத்தில் ‘ஔஷதி’ என்றும், மத்திய சர்க்காருக்கு உத்தரகண்டில் மோகான் என்னும் ஊரில் இன்னொன்று என்றும் இவ்விதக் கம்பெனிகள் வேறு இடங்களிலும் இருக்கின்றன.

சர்க்கார் மருந்துக் கம்பெனி நடத்துவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. நடத்தத்தான் வேண்டும். தனியார் வியாபாரியின் கையில் மூலிகை அகப்பட்டால் என்ன ஆகிறதென்று பட்டணத்து ராசப்ப செட்டித் தெருவில் நாலு நாட்டு மருந்துக் கடை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். அசோகப்பட்டை என்று கேட்டால் நெட்டிலிங்கப்பட்டையைச் சீவிக் கொடுக்கிறவர்கள் உண்டு. மிளகில் பப்பாளி விதை கலக்கும் வித்தை எல்லா ஊருக்கும் தெரிந்தது. லாபம் தேடாத, சொந்தத்தில் பயிரிட்டு, எடை குறையாமல் அரைத்து, ஏழைக்கு இலவசமாகப் போய்ச் சேரும்படி செய்யக்கூடிய ஸ்தாபனம் சர்க்காருடையதாகத்தான் இருக்க முடியும்.

அன்றியும், சர்க்கார் மருந்து செய்வது இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. நீலகிரியில் நடுவட்டத்தில் சர்க்காரே சின்கோனா மரத்தின் பட்டையை உரித்துக் கொயினா காய்ச்சிற்று. அதுவும் மூலிகைதான், மலையிலிருந்து வந்ததுதான். ஆனால் 1820ஆம் வருஷத்திலேயே பிரான்சு தேசத்து ரசாயனிகள் இருவர் அந்தப் பட்டைக்குள் ஜுரத்தைக் கொல்லுகிற சரக்கு இன்னதென்று பிரித்துக் காட்டிவிட்டார்கள். பிறகு பட்டையின் எடையைப் பார்க்காமல் உள்ளேயுள்ள சரக்கின் எடையைப் பார்த்து மருந்து கொடுக்க முடிந்தது.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். நங்கநல்லூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிண்டி. அங்கே 1899இல் கிங் இன்ஸ்டிடியூட் ஏற்பட்டது. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பால் உண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். அம்மை குத்திக்கொண்டால் மாரியாத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லி, குத்த வந்தவரைக் கண்டு பிள்ளைகளை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்த காலம் அது. முடிவு என்னவாயிற்று? 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. மாரியாத்தாளுக்கு இன்னும் கூழ் ஊற்றுகின்றார்கள். ஆனால் அவள் கையிலிருந்த அந்த வியாதியைக் கிண்டியும் அதைப் போன்ற இடங்களும் பிடுங்கிக்கொண்டுவிட்டன. குத்தினவர்களையும் குத்தாதவர்களையும் எண்ணிப் பார்த்து, கணக்கை வெளியில் வைத்ததனால்தான் இது முடிந்தது.

நிற்க. இப்பொழுது நமது மூலிகைக் கம்பெனிகளின் மருந்துக்கு ஆதாரம் எதுவென்று பார்ப்போம். 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டம் என்று ஒன்று இருக்கின்றது. 1964இல் அதில் நாட்டு மருந்துகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதன் முதல் அட்டவணையில் சில புஸ்தகங்களின் பெயர் வரிசையாகப் போட்டிருக்கின்றது. அந்தப் புஸ்தகங்களில் சொல்லிய பிரகாரம் ஒரு மருந்தைச் செய்தால் அது சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து, யுனானி மருந்து என்று அங்கீகாரம் பெற்றுவிடும். 2010இல் சேர்த்த 158-பி என்னும் விதியின்படி, அப்பேர்ப்பட்ட புஸ்தக மருந்தைப் புஸ்தகம் சொன்ன வியாதிக்கே கொடுப்பதானால், அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று புதிதாகச் சோதனை நடத்திக் காட்ட வேண்டியதில்லை. குணம் உண்டு என்பதற்கும் பழைய நூலே சாட்சி. தனியார் கம்பெனிக்கும் இதுதான் சட்டம், சர்க்கார் கம்பெனிக்கும் இதுதான் சட்டம்.

தோழர்களே! இந்த வாசகம் உங்களுக்கு எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? புஸ்தகத்தில் இருக்கிறது, ஆகவே உண்மை, கேட்காதே, செய். இதைத்தானே மனுதர்மக்காரன் நம்மிடம் சொன்னான்? வேதத்தில் இருக்கிறது என்று பார்ப்பான் சொன்னபொழுது, யார் எழுதியது, எப்பொழுது எழுதியது, பிரத்தியட்சத்திற்கு ஒத்து வருகிறதா என்று நாம் கேட்டோமே! அந்தக் கேள்வியைச் சுவடிக்கு முன்னால் மாத்திரம் வாய்க்குள் வைத்துக்கொள்வது எதனால்?

எதனால் என்பது நமக்குத் தெரியும். ஆயுர்வேதம் சமஸ்கிருதத்தில் இருக்கின்றது. சித்த வைத்தியம் தமிழில் இருக்கின்றது. சமஸ்கிருதச் சுலோகத்தைச் சந்தேகிப்பதில் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தமிழ்ப் பாட்டைச் சந்தேகிப்பதென்றால் மனம் கூசுகிறது. இந்தக் கூச்சத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரு காலத்தில் சர்க்கார் பணமும் மரியாதையும் ஆயுர்வேதத்தின் பக்கமே சாய்ந்தன. தமிழ் வைத்தியனை நாட்டு வைத்தியன் என்று மட்டமாகப் பேசினார்கள். நீதிக்கட்சி மந்திரிசபைக் காலத்தில், 1921இல், முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு மூன்று நாட்டு வைத்திய முறைகளையும் விசாரித்தார்கள். அதன் பிறகே 1925இல் சென்னையில் சர்க்கார் இந்திய வைத்தியப் பள்ளிக்கூடம் ஏற்பட்டு, சித்தமும் யுனானியும் ஆயுர்வேதத்துடன் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. பந்தியில் சம இடம் கேட்டது சுயமரியாதை. ஆனால், சம இடம் கிடைத்துவிட்டதனால் இலையில் விழுவதையெல்லாம் சோதிக்காமல் விழுங்க வேண்டும் என்று அர்த்தமாகாது.

சித்த வைத்தியம் எப்படி வந்தது என்று அதன் பக்தர்களையே கேட்டுப் பாருங்கள். சிவன் பார்வதிக்குச் சொன்னாராம். பார்வதி நந்திக்குச் சொன்னாளாம். நந்தி சித்தர்களுக்குச் சொன்னாராம். மனிதருக்கு வரும் வியாதிகள் 4,448 என்று அப்பொழுதே எண்ணி முடித்துவிட்டார்களாம். சுவடியில் உள்ள சரக்கின் பெயர்களோ பரிபாஷை. ஒரு பெயருக்கு நாலு வைத்தியர் நாலு பொருள் சொல்லுவார்கள். இதில் வேதத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? அங்கே பிரம்மாவின் முகம், இங்கே நந்தியின் காது, அவ்வளவுதான்.

இதனால் சித்தர் பெயரில் வழங்கும் மருந்தெல்லாம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான வருஷம் நமது ஜனங்கள் பச்சிலையைத் தின்று பார்த்து, சிலர் பிழைத்து, சிலர் செத்துக் கண்டறிந்த அனுபவம் அதில் கலந்திருக்கும். சர்ப்பகந்தி வேரைப் பாருங்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949இல் எழுதினார். 1952இல் அதனுள் இருக்கும் ரெசர்ப்பின் என்னும் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். உலகமே அதை வாங்கிச் சாப்பிட்டது. பாட்டி வைத்தியத்தில் முத்தும் உண்டு, கிளிஞ்சலும் உண்டு. பொறுக்கிப் பார்க்காமல் கூடையோடு விலை சொல்லுவதைத்தான் நாம் குற்றம் சொல்லுகின்றோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகின்றோம் என்பதற்கு ஒரு சொந்தச் சமாசாரத்தைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நமது இயக்கத் தோழர் ஒருவர், தச்சு வேலை செய்கிறவர், சாமி கும்பிடாதவர், பிள்ளைகளுக்குச் சடங்கில்லாமல் கலியாணம் செய்து வைத்தவர். அவருக்கு நீரிழிவு. சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரையில் ஒழுங்காகத்தான் இருந்தார். ஒரு நாள், சித்தர் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு மருந்து விற்கும் தனியார் ஆசாமி ஒருவரிடம் ஒரு பொடியை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து, மாத்திரையை நிறுத்திவிட்டார். எட்டு மாதத்தில் கால் புண்ணாகி, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நாம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம்.

“ஏன் தோழரே, சாமியையே நம்பாத நீங்கள் சாமியார் பொடியை நம்பலாமா?” என்று கேட்டோம்.

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “நம் பாட்டன் வைத்தியம் இருக்கும்போது வெள்ளைக்காரன் மாத்திரைக்கு ஏன் கை நீட்ட வேண்டும் என்று ஆலந்தூர்க் கூட்டத்தில் பேசினது யார் தோழரே? நீங்கள்தானே!” என்றார்.

பேசினது நாமேதான். கைதட்டல் கிடைத்ததும் ஞாபகம் இருக்கின்றது. ஆரிய வைத்தியத்தை இடிப்பதாக நினைத்துக்கொண்டு, ஆதாரம் தேடாமல், இனப்பெருமைக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் அது. அந்தப் பொடி சர்க்கார் கம்பெனிப் பொடி அல்ல. எங்கே செய்தது என்று அதன் பொட்டலத்தில்கூட இல்லை. ஆனால் அவரை அந்தக் கடைக்கு அனுப்பி வைத்தது நமது வாய். பக்தியால் கெட்டவனைத் திருத்துவது சுலபம்; பெருமையால் கெட்டவனைத் திருத்துவது கஷ்டம். ஏனெனில் அவனிடம் பேசப் போகிறவனுக்கும் அதே வியாதி இருக்கும்.

சர்க்காரும் அந்த வியாதிக்குத் தப்பவில்லை. 2012இல் டெங்கு ஜுரம் பரவியபொழுது நிலவேம்புக் குடிநீரைச் சர்க்காரே விநியோகம் செய்தது. நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம். 2017இல் சினிமா நடிகர் கமல் ஹாசன், ஆராய்ச்சி முடிவு தெரியும் வரையில் இதை விநியோகிக்க வேண்டாம் என்று தமது ரசிகர்களுக்குச் சொன்னார். அதற்கு என்ன பதில் கிடைத்தது? ‘இதோ ஆராய்ச்சி, இத்தனை பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேருக்குக் கொடுக்கவில்லை, வித்தியாசம் இது’ என்று காட்டியிருந்தால் அவர் வாய் அடைத்திருக்கும். அவர் மேல் போலீசில் புகார் கொடுத்தார்கள்! 2020இல் கொரோனா வந்தது. பதினைந்து சரக்குள்ள கபசுரக் குடிநீரை வீடு வீடாகக் கொடுத்தார்கள். சிறு சிறு சோதனைகள் சில பிற்பாடு நடந்தன. ஆனால் லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த சர்க்கார், குடித்த தெரு எது, குடிக்காத தெரு எது என்று அப்பொழுதே பிரித்து எண்ணியிருந்தால், உலகத்துக்கே ஒரு பதிலைத் தமிழ்நாடு சொல்லியிருக்கலாமே! குணம் இருந்தது என்றால் தமிழனுக்குப் புகழ். இல்லை என்றால் அடுத்த தடவை அந்தப் பணம் வேறு காரியத்துக்கு. இரண்டிலும் லாபந்தான். எண்ணாமல் விட்டதில் மாத்திரம் நஷ்டம்.

சர்க்கார் கையில் பழைய வைத்தியம் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கே இரண்டு தேசங்கள் நல்ல பாடம். ஒன்று வட கொரியா. அங்கே பழைய நாட்டு வைத்தியத்துக்குக் ‘கொரியோ வைத்தியம்’ என்று பெயர். அதற்கு ராஜ மரியாதை. 2015இல், பக்கத்துத் தென் கொரியாவில் மெர்ஸ் என்னும் தொற்றுக் காய்ச்சல் பரவிய சமயத்தில், ஜின்செங் கிழங்கிலிருந்து தாங்கள் செய்யும் ‘கும்தாங்-2’ என்னும் ஊசி மருந்து மெர்ஸ், எய்ட்ஸ், சார்ஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று அந்த நாட்டுச் சர்க்கார் செய்தி ஸ்தாபனமே அறிவித்தது. ஆதாரம் ஒன்றும் காட்டவில்லை. அந்த நாட்டில் யார் எழுந்து கேட்பது? மருந்து செய்கிறவனும் சர்க்கார், மெச்சுகிறவனும் சர்க்கார், கேட்கிறவனைப் பிடித்துப் போடுகிறவனும் சர்க்கார்.

மற்றொன்று சீனா. அங்கேயும் சர்க்கார் ஏவல்தான். 1967இல் மலேரியாவுக்கு மருந்து தேட ரகசியமாக ஒரு திட்டம் போட்டார்கள். தூ யூயூ என்னும் அம்மையார் பழைய சீன வைத்தியச் சுவடிகளைப் புரட்டினார். ஏறக்குறைய 1,600 வருஷத்துக்கு முந்திய ஒரு நூலில், ஒரு பூண்டைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. காய்ச்சச் சொல்லாமல் பிழியச் சொன்னது ஏன் என்று அந்த அம்மையார் யோசித்தார். சூட்டில் மருந்தின் குணம் கெடுகிறது போலும் என்று, சூடேறாத வழியில் ஈதரில் பிரித்தார். எலிக்குக் கொடுத்தார், குரங்குக்குக் கொடுத்தார், 1972இல் தாமே குடித்துப் பார்த்தார், அதன் பின்பே நோயாளிக்குக் கொடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்னும் அந்த மருந்து இன்று உலகமெங்கும் மலேரியாவுக்கு வழங்குகின்றது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கும்தாங் ஊசியைப் பற்றிய பிரகடனமும் அதே வருஷந்தான்! அந்த அம்மையார் சுவடியைக் கும்பிடவுமில்லை, கொளுத்தவுமில்லை, கேள்வி கேட்டார். மலையைத் தூக்காமல் மூலிகையைக் கண்டுபிடித்தவர் அவரே.

‘இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்காரன் மாத்திரம் யோக்கியனோ?’ என்று சிலர் கேட்பார்கள். அவன் யோக்கியன் என்று யார் சொன்னது? ஜெர்மனியில் 1957இல் தாலிடோமைடு என்னும் தூக்க மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக்கூடக் கெடுதல் இல்லாதது என்று விற்றார்கள். 1961இல் அதை நிறுத்துவதற்குள், உலகத்தில் கையும் காலும் குறைந்து பிறந்த குழந்தைகள் 10,000க்கு மேல். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் குணத்தையும் கெடுதலையும் சோதித்துக் காட்டாமல் மருந்து விற்காதே என்று தேசத்துக்குத் தேசம் சட்டத்தை இறுக்கினார்கள். கம்பெனிக்காரனை நம்ப முடியாது என்பதற்காக ஏற்பட்டதே சோதனை. அப்படியிருக்க, நம்மவன் என்பதற்காக அதைத் தள்ளிவிட்டால் அந்தக் குழந்தைகளிடம் நாம் கற்றது என்ன?

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. எட்டிக்காயும் அரளியும் மூலிகைதான். சில நாட்டு மருந்துகளில் ரசமும் பாஷாணமும் சேர்வதை அந்த வைத்தியர்களே மறைப்பதில்லை. 2004இல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70ஐ வாங்கிச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஐந்துக்கு ஒன்று! முறைப்படி சுத்தி செய்தால் விஷம் நீங்கிவிடும் என்று வைத்தியர் சொல்லலாம். நீங்கிவிட்டதா என்பதைத் தராசு சொல்லட்டும்.

ஆகவே சர்க்காரை நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கம்பெனியை மூட வேண்டாம். தனியாருக்கும் தாரை வார்க்க வேண்டாம். ஒவ்வொரு மருந்திலும் ஈயம், பாதரசம், பாஷாணம் எவ்வளவு என்ற சோதனைக் கணக்கை, செய்தவரல்லாத வேறொருவரைக் கொண்டு எடுத்து, படிக்கத் தெரிந்த எவனும் படிக்கும்படி தமிழில் வெளியிடட்டும். எந்த மருந்தை எந்த வியாதிக்கு எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், என்ன முடிவு என்பதைச் சீட்டில் அச்சிடட்டும். சோதித்ததில்லை என்றால் ‘வழக்கத்தில் உள்ளது, சோதிக்கப்படவில்லை’ என்று நாணயமாகப் போடட்டும். தேறினதை உலகத்துக்கு விற்கட்டும், தேறாததை நிறுத்தட்டும். லாபத்துக்கு நடத்துகிறவனுக்கு உண்மையைச் சொல்லக் கஷ்டம். ஜனங்களின் பணத்தில் நடத்துகிறவனுக்கு என்ன கஷ்டம்?

தோழர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இனி மருந்து வாங்கும்பொழுது, சர்க்கார் ஜன்னலானாலும் சந்தைக்கடையானாலும், ‘யார் சோதித்தார்கள்? எத்தனை பேரை? எங்கே எழுதியிருக்கிறது?’ என்று மூன்றே கேள்வி கேளுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை யாருடைய மேடைப் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். நம்முடைய பேச்சானாலும் சரியே. தச்சுத் தோழர் இப்பொழுது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று விரல் காலோடு வேலைக்குப் போகின்றார். ஆலந்தூர்ப் பேச்சுக்கு நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் கைதட்டிய மற்றவர்களுக்கு இதை எழுதுகின்றோம்.

மலை போதும், மூலிகையைக் காட்டச் சொல்லுங்கள்.